குன்றிமணியும் சீம்பாலும்

பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணியைத் தமிழ்நாட்டில் பார்த்திராதவர்கள் குறைவு. உடலெல்லாம் குங்குமச் சிவப்பும், ஒரு முனையில் மட்டும் மை தீட்டினாற்போன்ற கறுப்பும் கொண்ட அந்தச் சிறு விதை, ஒரு காலத்தில் பொற்கொல்லரின் தராசுத் தட்டில் ஏறிப் பொன்னுக்கு எடை சொல்லிற்று. ‘வாயில் போட்டுக் கடித்துவிடாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள் குழந்தைகளை அதட்டியதற்குத் தக்க காரணம் உண்டு. அதன் கெட்டியான தோலுக்குள்ளே அப்ரின் என்னும் கொடிய விஷம் அடங்கிக் கிடக்கிறது. தோல் உடையாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும் அந்த விதை, மென்று தின்னப்பட்டாலோ உயிருக்கே உலை வைத்துவிடும். நம் வேலிகளில் யாரும் நடாமலே படர்ந்து காய்க்கும் இந்தக் கொடியின் விதைதான், ஈன்ற தாய் தன் சிசுவுக்கு நோயை எதிர்க்கும் சக்தியை எந்த வழியாகக் கொடுக்கிறாள் என்ற ரகசியம் வெளிப்படுவதற்குக் கருவியாயிற்று என்றால், அது நம்முடைய ஊர்ப்புறத்துக்கு ஒரு பெருமை என்றே நான் எண்ணுகிறேன்.

அந்தக் கதை நடந்த இடம் பெர்லின் நகரம். 1890-ஆம் ஆண்டில் அங்கே எமில் பேரிங் என்ற ஜெர்மானியரும் ஷிபாசாபுரோ கிடசாட்டோ என்ற ஜப்பானியரும், தனுர்வாத விஷத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட முயலின் இரத்தநீரில் அந்த விஷத்தை முறிக்கும் பொருள் ஒன்று உண்டாகிறது என்பதையும், அந்த இரத்தநீரை வேறொரு பிராணிக்குச் செலுத்தினால் அதுவும் காப்பாற்றப்படுகிறது என்பதையும் கண்டறிந்தார்கள். எதிர்ப்பொருள் என்று இன்று நாம் வழங்கும் பொருளின் முதல் தரிசனம் அது. அதே நகரில், ராபர்ட் காக் தலைமை வகித்த தொற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்துவந்த பால் எர்லிக் என்னும் மருத்துவர், உயிருள்ள கிருமிகளோடு மல்லாடுவதைக் காட்டிலும், நிறுத்து அளந்து கொடுக்கக்கூடிய தாவர விஷங்களைக் கொண்டு இந்த விஷயத்தை ஆராய்வது மேல் என்று கருதி, ஆமணக்கு விதையிலுள்ள ரிசினையும் குன்றிமணியிலுள்ள அப்ரினையும் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணோய்க்கு மருந்தாகக் குன்றிமணியைப் பயன்படுத்தும் வழக்கம் அப்போது ஐரோப்பிய மருத்துவர்களிடையே பரவியிருந்தபடியால் விதை கிடைப்பதில் கஷ்டம் இல்லை. வெள்ளெலிகளுக்கு முதலில் அணுவளவு, பிறகு அதனிலும் சற்றுக் கூடுதலாக, என்று படிப்படியாக விஷத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, சாதாரண எலிகளை மாய்க்கக்கூடிய அளவைப்போல் பல மடங்கையும் அந்த எலிகள் தாங்கி நின்றன.

இந்த இடத்தில் நின்றுவிடாமல் அவர் மேலும் ஒரு கேள்வியைக் கேட்டார் என்பதில்தான் எர்லிக்கின் பெருமை இருக்கிறது. இப்படிச் சிரமப்பட்டுச் சம்பாதித்த சக்தி பிள்ளைகளுக்கு இறங்குமா, இறங்குமாயின் தகப்பன் வழியாகவா, தாய் வழியாகவா? சக்தி பெற்ற ஆண் எலியைச் சாதாரணப் பெண் எலியோடு சேர்த்து, பிறந்த குட்டிகளைப் பரிசோதித்தார். அவற்றுக்குப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. சக்தி பெற்ற பெண் எலியைச் சாதாரண ஆணோடு சேர்த்தார். குட்டிகள் விஷத்தைத் தாங்கின. ஆகவே, மயில்தோகையின் வண்ணம்போலவும் மூக்கின் வடிவம்போலவும் வித்தின் வழியே வரும் பரம்பரைச் சொத்து அன்று இது. தாய் தன் கையாலேயே கொடுக்கும் பொருள் என்று தெளிவாயிற்று. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான், பின்னால் எத்தனையோ பெரிய ஆராய்ச்சிகளைப் படித்த பின்பும் என் மனத்தை விட்டு நீங்காத காரியம். ஒரே சமயத்தில் ஈன்ற இரண்டு தாய் எலிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் குட்டிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார். சக்தியற்ற தாய்க்குப் பிறந்து சக்தியுள்ள தாயிடம் பால் குடித்த குட்டிகள் நாளுக்கு நாள் சக்தி பெற்று வந்தன. சக்தியுள்ள தாய்க்குப் பிறந்து சக்தியற்ற தாயிடம் பால் குடித்தவையோ, பிறக்கும்போது கொண்டுவந்ததைச் சில வாரங்களில் செலவழித்துவிட்டு வெறுங்கையாய் நின்றன. கருவறையில் ஒரு வழி, பாலில் ஒரு வழி என்று இரண்டு வழிகள் உண்டென்பதும், அவ்விரண்டாலும் வருவது இரவல் பொருளேயன்றிச் சொந்த ஆர்ஜிதம் அன்று என்பதும், 1892-இல் அவர் வெளியிட்ட கட்டுரையால் உலகுக்குத் தெரியவந்தன. தானே சம்பாதித்த சக்தி, பிறர் கொடுத்த சக்தி என்று இன்றும் மருத்துவ நூல்கள் செய்யும் பாகுபாடு அன்று அவர் செய்ததே. 1908-இல் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதல் வழியை முதலில் பார்ப்போம்.

நஞ்சுக்கொடி என்று நாம் வழங்கும் உறுப்பைப் பிரசவ அறையில் பார்த்தவர்கள், அரைக் கிலோ எடையுள்ள, கருஞ்சிவப்பான, ஈரல்போன்ற ஒரு வட்டத் தசையாகவே அதைக் கண்டிருப்பார்கள். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒருவரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், அதே சமயம் ஒன்றையொன்று ஒட்டியே ஓடும்படி, மரத்தின் வேர்த்தூவிகள் போன்ற எண்ணிறந்த விரல்களாக அது கிளைத்திருக்கிறது. அவ்விரல்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 10 சதுர மீட்டருக்கு மேல் இடம் அடைக்கும். அந்தப் பரப்பு முழுவதையும் இடையறாமல் மூடிக்கொண்டிருக்கும் உயிரணுப் படலம்தான் வாயிற்காவலன். பிராணவாயுவும் சர்க்கரையும் அதைக் கடந்து போகின்றன. ஆனால் எதிர்ப்பொருள் என்பது ஒரு பெரும் புரதம். நீரணுவைப்போல் 8,000 மடங்குக்கு மேல் கனமானது. அத்தனை பெரிய பொருள் தானாகக் கசிந்து போக வழியே இல்லை. அப்படியிருந்தும், இரத்தத்திலுள்ள ஐந்து வகை எதிர்ப்பொருள்களில் இம்யூனோகுளோபுலின் ஜி என்ற ஒன்று மட்டும் ராஜமரியாதையோடு உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறது. மற்றவை வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன.

அழைத்துச் செல்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கண்டவர் வேல்ஸ் நாட்டில் பாங்கர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ரோஜர்ஸ் பிராம்பெல். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், காட்டு முயல்களின் கருக்களில் பல ஏன் வயிற்றுக்குள்ளேயே மடிந்துபோகின்றன என்று ஆராயப் புகுந்தவர் அவர். கருவைச் சூழ்ந்த திரவத்தில் தாயின் இரத்தப் புரதங்கள் இருக்கக் கண்டு, அவை எப்படி அங்கே வந்தன என்று விசாரிக்கத் தொடங்கி, எஞ்சிய ஆராய்ச்சி வாழ்வை அதற்கே செலவிட்டுவிட்டார். அந்த ஒருவகை எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பான் ஒன்று உயிரணுக்களில் இருந்தே தீரவேண்டும் என்று 1950-களின் இறுதியில் அவர் அனுமானித்தார். கண்ணால் காணாமல் அறிவினால் மட்டும் கண்ட அந்தப் பொருளை, முப்பது ஆண்டுகள் கழித்து, 1989-இல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து நிரூபித்தார்கள்.

அதன் வேலைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சிருஷ்டியின் நுட்பம் விளங்கும். படலத்தின் உயிரணு, தாயின் இரத்தத்தில் ஒரு சிறு துளியை அப்படியே மொண்டு ஒரு பைக்குள் அடைத்துக்கொள்கிறது. பைக்குள் மெல்லப் புளிப்பு ஏறுகிறது. புளிப்பு ஏறியதும் பிடிப்பான் எதிர்ப்பொருளை இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றப்படாத மற்றப் புரதங்களெல்லாம் சிதைக்கப்பட்டு உணவாகிவிடுகின்றன. பின்னர் அந்தப் பை சேயின் பக்கம் நகர்ந்து வாய் திறக்கிறது. அங்கே புளிப்பு இல்லை. ஆகவே பிடி தளர்கிறது. எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தோடு போய்ச் சேர்கிறது. புளிப்பில் பற்றுவதும் புளிப்பு நீங்கியதும் விடுவதுமான இந்த ஒரே குணத்தைக் கொண்டு, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கும் படகுத்துறை ஒன்று கருப்பையில் இரவு பகலாக நடந்துவருகிறது.

கர்ப்பத்தின் 13-ஆம் வாரம் வாக்கில் தொடங்கும் இந்தப் போக்குவரத்து முதலில் மிக மந்தமாகவே நடக்கிறது. ஐந்தாம் மாதத்தில் சிசுவின் இரத்தத்தில் இருப்பது தாயிடம் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டாம் மாதத்தில் ஏறக்குறையப் பாதி. நிறைமாதத்திலோ, தாயிடம் இருப்பதைக் காட்டிலும் சேயிடம் அதிகம். தன்னிடம் உள்ளதைவிட அதிகமாகக் கொடுத்தனுப்பும் தாய்வீட்டுச் சீர் உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்று வியக்கத் தோன்றுகிறது. கடைசி நான்கு வாரங்களில்தான் பெரும்பகுதி போய்ச் சேருகிறது என்பதால், ஏழாம் மாதத்தில் பிறந்துவிடும் குழந்தை, எடையில் மட்டுமல்ல, இந்தச் சீரிலும் குறைப்பட்டே பிறக்கிறது. குறைமாதக் குழந்தையைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள் என்று செவிலியர் திரும்பத் திரும்பக் கண்டிப்பதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்தச் சீரின் உள்ளடக்கம் தாய்க்குத் தாய் வேறுபடும் என்பதை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அவள் சிறுவயதில் அம்மை கண்டு எழுந்தவளாயின் அம்மைக்கு எதிரான பொருள் அதில் இருக்கும். எந்த ஊசியைப் போட்டுக்கொண்டாளோ அதன் பலன் இருக்கும். அவள் வளர்ந்த தெருவின் தண்ணீரும் காற்றும் அவளுக்குக் கற்பித்த பாடமெல்லாம் இருக்கும். அந்தப் பாடம் எத்தனை காலம் மறவாமல் நிற்கும் என்பதற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் வடக்கே ஃபாரோ தீவுகளில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். 1846-இல் அங்கே தட்டம்மை வந்தபோது 7,800-க்குச் சற்றுக் குறைந்த ஜனத்தொகையில் 6,000-க்கு மேற்பட்டோர் படுக்கையில் வீழ்ந்தார்கள்; ஆனால் 1781-இல் வந்த அம்மையில் அடிபட்டுப் பிழைத்திருந்த கிழவர் கிழவிகளில் ஒருவரைக்கூட அது தீண்டவில்லை என்று, அங்கே அனுப்பப்பட்ட டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானம் எழுதிவைத்தார். அறுபத்தைந்து வருஷம் அழியாத ஞாபகம் அது. தாயின் தேகத்தில் இப்படிப் பொறிக்கப்பட்ட ஞாபகத்தின் பலன்தான், உலகத்தை இன்னும் கண் திறந்து பாராத சிசுவுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது.

ஆனால் ஞாபகத்தின் பலன் கிடைக்கிறதே தவிர ஞாபகம் கிடைப்பதில்லை. எதிர்ப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் தாயிடமே தங்கிவிடுவதால், குழந்தை பெற்றுக்கொண்டது புதுப்பிக்க முடியாத கையிருப்பு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும் அந்தக் கையிருப்பு, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மிகவும் வற்றிவிடுகிறது. 1952-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நிமோனியா கிருமிகளால் சாவின் விளிம்புவரை போய்வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பரிசோதித்து, அவன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அடியோடு இல்லை என்று கண்டார். பிறவியிலேயே அதை உண்டாக்கத் தெரியாத அந்த வகைக் குழந்தைகள் பிறகு பலர் அறியப்பட்டார்கள். அவர்களுடைய சரித்திரத்தில் ஒரு விசேஷம் உண்டு: முதல் ஆறு மாத காலம் பெரும்பாலோர் மற்றக் குழந்தைகளைப் போலவே கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருப்பார்கள், அதற்குப் பிறகே நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரத் தொடங்கும். அந்த ஆறு மாதமும் அவர்கள் வாழ்ந்தது முழுக்க முழுக்கத் தாயின் கொடையால். தாய் கொடுக்கும் பாதுகாப்பின் அளவையும் எல்லையையும் இதைவிடத் துல்லியமாக எடுத்துக்காட்டும் சாட்சியம் எனக்குத் தெரியாது.

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். இதை எனக்கு முதலில் கற்பித்தது புத்தகம் அன்று. எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற ஒரு காராம்பசு.

அது தலைச்சன் கன்று ஈன்ற இரவு, அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஈரம் உலராத கன்று நான்கு கால்களையும் நான்கு திசையில் பரப்பி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடிற்று. ‘இளங்கொடி விழட்டும், அதற்குள் கன்றை ஊட்டவிடக் கூடாது’ என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என் பாட்டியோ, ‘வாயில்லா ஜீவன் பசியோடு தேடுகிறது, அதை ஏன் தடுக்கவேண்டும்?’ என்று சொல்லிக் கன்றைத் தம் கையாலேயே காம்பில் சேர்த்துவிட்டார். விடியற்காலையில் விழுந்த இளங்கொடியை, அதாவது பசுவின் நஞ்சுக்கொடியை, வைக்கோலில் சுற்றி ஊர்க்கோடி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். மறுநாள் மிகுதியாய்க் கறந்த சீம்பாலைப் பனைவெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, எங்களுக்குத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்தார் பாட்டி. சாதாரணப் பால் கொதித்தால் பொங்குகிறது. சீம்பால் மட்டும் ஏன் இட்லிபோலக் கட்டியாகிவிடுகிறது என்று அன்று நான் கேட்டதற்கு ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

விடை இதுதான்: முட்டையின் வெண்கருவைப்போல வெப்பத்தில் உறையும் புரதம் அதில் அத்தனை செறிந்திருக்கிறது, அந்தப் புரதத்தில் பெரும்பங்கு எதிர்ப்பொருள். பசு, எருமை, ஆடு, குதிரை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி நம்முடையதைக் காட்டிலும் அதிகப் படலங்கள் கொண்டது. அதன் வழியே எதிர்ப்பொருள் கருவுக்குப் போவதே இல்லை. ஆதலால் கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் பாதுகாப்பு என்பது அநேகமாகச் சூன்யம். பிறந்த முதல் சில மணி நேரம் அதன் குடல், எதிர்ப்பொருளைச் சிதைக்காமல் முழுசாகவே உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மணிக்கு மணி அந்தச் சக்தி குறைந்து, ஏறக்குறைய ஒரு நாளில் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 1922-இல் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தியோபால்டு ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் சீம்பால் கொடுக்காமல் கன்றுகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை, குடலில் சாதாரணமாக வாழும் கிருமிகள் இரத்தத்தில் புகுந்ததனாலேயே சில நாட்களில் மாண்டன. இளங்கொடி விழும்வரை காத்திருக்கும் வழக்கம் கன்றுக்கு எத்தனை பெரிய துரோகம் என்பது இதிலிருந்து விளங்கும். பாட்டியின் இரக்கம் சாஸ்திரத்துக்குச் சம்மதமாகவே இருந்தது.

மனிதக் குழந்தையின் நிலை வேறு. இரத்தத்துக்கு வேண்டியதை அது கருவறையிலேயே பெற்றுக்கொண்டு வந்துவிடுகிறது. அப்படியானால் தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்பொருளுக்கு வேலை என்ன? 1961-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் ஹான்சன் என்பவர், தாய்ப்பாலில் மிகுந்திருக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற வகை, இரத்தத்தில் உள்ள அதே வகையிலிருந்து அமைப்பில் வேறுபட்டிருப்பதைக் கண்டார். இரண்டிரண்டாக இணைந்து, கூடவே ஒரு கவசத் துண்டையும் அணிந்துகொண்டிருப்பதால், வயிற்றின் செரிமான நீர்களுக்கு அது எளிதில் இரையாவதில்லை. அது இரத்தத்துக்குள் போக முயல்வதும் இல்லை. வாய், தொண்டை, குடல் என்று உட்புறச் சுவர் நெடுக நின்று, வரும் கிருமியைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. சண்டையோ காய்ச்சலோ வீக்கமோ இல்லாமல் நடக்கும் சாத்விகமான காவல் இது.

அந்தக் காவலர்கள் எங்கே பயிற்சி பெற்றவர்கள் என்பது இன்னும் ஆச்சரியம். தாயின் குடலில் வந்த கிருமிகளை எதிர்க்கப் பழகிய உயிரணுக்கள், அவள் பாலூட்டும் காலத்தில் குடலை விட்டுப் புறப்பட்டு, இரத்தத்தில் பயணம் செய்து, மார்பகத்தில் வந்து குடியேறுகின்றன. அங்கே இருந்துகொண்டு எதிர்ப்பொருளைப் பாலில் சுரக்கின்றன. தாய் குடித்த தண்ணீரில் எந்தக் கிருமி இருந்ததோ, அதே கிருமிக்கான மாற்று அவள் பாலில் வருகிறது. தாயும் சேயும் ஒரே வீட்டில், ஒரே பாயில் இருப்பவர்கள் ஆதலால், சேய்க்கு நேரக்கூடிய ஆபத்தும் பெரும்பாலும் அதுவே. கடையில் விற்கும் எந்த மாவுக்கும் இந்த வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியாது.

பிரசவித்த முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இந்தப் பொருள் மிகமிகச் செறிந்திருக்கிறது; பின்னால் வரும் பாலில் இருப்பதைப்போல் பல மடங்கு. அதோடு உயிருள்ள வெள்ளணுக்கள், இரும்புச்சத்தைக் கவ்விக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின், கிருமியின் சுவரையே கரைக்கும் லைசோசைம் ஆகியவை உண்டு. குழந்தையால் செரிக்கவே முடியாத நூற்றுக்கு மேற்பட்ட வகைச் சர்க்கரைத் தொடர்களும் தாய்ப்பாலில் இருக்கின்றன. செரிக்காத பொருளை எதற்காக இயற்கை இவ்வளவு சிரமப்பட்டுச் செய்கிறது? அந்த உணவு குழந்தைக்கு அன்று, குழந்தையின் குடலில் குடியேறவேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்கு. அந்த நுண்ணுயிர்களில் முக்கியமான பிஃபிடோ வகையை, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி டிசியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கண்டார். நல்ல குடியானவன் வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டால் களைக்கு இடமில்லை என்பதுபோல, அவை பெருகிய குடலில் தீய கிருமிகள் வேரூன்றுவது கஷ்டம்.

இவ்வளவும் அடங்கிய சீம்பாலை நேரில் பார்த்தால் ஒரு பொருட்டாகத் தோன்றாது. குறைமாதத்தில் பிறந்து, இன்னும் சப்பத் தெரியாத ஒரு குழந்தைக்கு அதன் பாட்டி பாலாடையில் சீம்பால் புகட்டியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாலாடையின் அடியில் படிந்திருந்தது ஒரு தேக்கரண்டிகூட இராது. தேனைப்போலப் பிசுபிசுப்பும், மஞ்சள் கரைத்தாற்போன்ற நிறமும் கொண்டிருந்தது. பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கடைவாயில் வைத்து, ஒவ்வொரு சொட்டாகச் சரித்து, விழுங்கிற்றா என்று தொண்டையைப் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு; அத்தனையும் புகட்டி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் பாலாடையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து உதட்டில் தடவினார் அந்த அம்மாள். அதே ஊரில் வேறொரு வீட்டில், ‘இது கெட்டுப்போன பால், பிள்ளைக்கு மாந்தம் வரும்’ என்று சொல்லிச் சீம்பாலைப் பிழிந்து கீழே விட்டு, மூன்றாம் நாள்வரை குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததையும் நான் அறிவேன். அன்பில் குறைந்தவர்கள் அல்லர் அவர்களும். நிறம் அவர்களை ஏமாற்றிவிட்டது.

தாயின் கொடை எப்போதுமே நன்மைதானா என்று கேட்டால், உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். படகுத்துறைப் பிடிப்பான் எதிர்ப்பொருளின் வகையைத்தான் பார்க்கிறதேயொழிய அது நண்பனா பகைவனா என்று விசாரிப்பதில்லை. ரீசஸ் காரணி இல்லாத இரத்தமுள்ள தாய், அக்காரணி உள்ள குழந்தையைச் சுமந்து, அதன் இரத்தத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் அந்தப் பொருளும் அதே படகில் ஏறிப்போய்ச் சிசுவின் சிவப்பணுக்களை அழித்துவிடுகிறது. 1968 முதல் வழக்கத்துக்கு வந்த ஊசிமருந்து ஒன்று இந்தத் துயரத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. டெங்குக் காய்ச்சலிலோ, தாயின் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும்வரை குழந்தைக்கு அரணாக இருந்து, வற்றிக்கொண்டுவரும் ஆறு முதல் ஒன்பது மாதப் பருவத்தில் அரைகுறையாய் நின்று, நோயைக் கடுமையாக்கிவிடுவதும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியை நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறையும்வரை போடாமலிருப்பதற்கும் தாயின் கொடையே காரணம்: அதற்குமுன் போட்டால், உள்ளே இருக்கும் தாயின் எதிர்ப்பொருள் ஊசிமருந்தையே அழித்துவிட்டு, குழந்தையின் தேகம் பாடம் கற்பதைத் தடுத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1963-இல் ஒன்பது மாதத்தில் போடத் தொடங்கி, 1965-இல் பன்னிரண்டு மாதத்துக்கும் 1976-இல் பதினைந்து மாதத்துக்கும் தள்ளிவைத்தார்கள் என்றால், தாயின் பிடி எத்தனை நாள் நீடிக்கிறது என்று கணக்கிடுவது அத்தனை சுலபமாக இருக்கவில்லை என்று தெரிகிறது.

தாய் எதைச் சம்பாதித்தாளோ அதையே கொடுப்பாள் என்றால், அவளுக்கு முன்கூட்டியே சம்பாதித்துக் கொடுத்துவிடலாமே என்ற யோசனை பிறப்பது இயல்பு. அதற்கு மிக அவசியம் நேர்ந்த நோய் தனுர்வாதம். வில்லைப்போல உடம்பு வளைந்துவிடுவதால் அமைந்த பெயர் அது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் அந்தக் கிருமி, அழுக்குக் கத்தியால் அறுக்கப்பட்ட தொப்புள்கொடியின் வழியே புகுந்தால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒருவார காலத்துக்குள் வாய் திறக்க மாட்டாமல் போய்விடுகிறது. ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் இதற்கு ஏழு நாள் நோய் என்றே பெயர். இந்த நோயில் ஒரு விபரீதம், பிழைத்தெழுந்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. ஆகவே எந்தத் தாயிடமும் கொடுப்பதற்குத் தானாக ஒன்றும் இராது. 1961-இல் ஸ்கோஃபீல்டும் அவருடைய சகாக்களும் நியூகினித் தீவில் கர்ப்பிணிகளுக்குத் தனுர்வாதத் தடுப்பூசி போட்டு, இரண்டு மூன்று ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் இந்த நோய்க்குத் தப்பிவிடுகின்றன என்று நிரூபித்தார்கள். பெர்லினில் எலிகளுக்கு எர்லிக் செய்தது மனிதக் குழந்தைகளுக்குப் பயன்பட எழுபது வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஊசி எல்லாக் கிராமங்களையும் எட்ட வெகுகாலம் பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 1988-ஆம் ஆண்டில் மட்டும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்த ஒரு நோயால் இறந்தன. 2015-இல் இந்தியா இதை ஒழித்துவிட்ட நாடாக அங்கீகரிக்கப்பட்டது. ஒழிந்தது நோயின் கொடுமையே அன்றிக் கிருமி அன்று. அது இன்றும் நம் தோட்டத்து மண்ணில் இருக்கிறது.

இதே யுக்தியைப் பிறகு கக்குவான் இருமலுக்கும் பிரயோகித்தார்கள். 2012-இல் இங்கிலாந்தில் அந்த இருமல் பரவி, ஊசி போடும் வயதை எட்டாத 14 குழந்தைகள் இறந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து கர்ப்பிணிகளுக்கே ஊசி போடத் தொடங்கினார்கள். பிறந்த முதல் மாதங்களில் பத்தில் ஒன்பது பங்கு பாதுகாப்பு அதனால் கிடைத்தது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியதும் அவளுடைய தாய்-சேய் நல அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தனுர்வாத ஊசியின் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையே நான்கு வாரம் வேண்டும். தேகம் எதிர்ப்பொருளை உண்டாக்குவதற்கும், உண்டானது படகேறி அக்கரை சேர்வதற்கும் நாள் பிடிக்கும் ஆதலால், இரண்டாவது ஊசி பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாகவாவது போடப்பட்டிருக்க வேண்டும்.